சாலை நிறத் தலைமுடி: ஒரு பின்னியச் சொல்லின் பிறப்பு

பின்லாந்தின் மொழியான பின்னியத்தில் 'மான்தியென்வேரினென்' என்றொரு சொல் உண்டு. நேர்பொருள் சொன்னால், 'நெடுஞ்சாலையின் நிறமுடைய' என்று வரும். பொன்னிறமும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவே சாம்பல் பூத்தாற்போலக் கிடக்கும் தலைமுடியைக் குறிக்க இச்சொல் வழங்குகிறது. 'பின்னியர்கள் முடிக்குச் சாலையின் நிறத்தைச் சொல்வார்கள்' என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவதே வழக்கம். ஆனால் அப்படிக் கடந்துபோகும்போது பொருள் தலைகீழாகிவிடுகிறது. சாலையின் நிறம் என்றதும் நம் கண்ணுக்கு முன் வருவது தார்ச்சாலை; தார் கறுப்பு; ஆகவே கருங்கூந்தலைச் சொல்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொள்கிறோம். சொல்லின் துண்டுகளை எல்லாம் சரியாகப் பெயர்த்த பிறகும் பொருள் எப்படித் தவறிப்போயிற்று என்பதைப் பார்த்தால், கூட்டுச்சொல் ஒன்றின் வரலாற்றை எப்படித் தேட வேண்டும் என்பது விளங்கும்.

புடவைக் கடையிலிருந்து தொடங்கலாம்

கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, அரக்கு. புடவைக் கடையில் இந்தப் பெயர்களைச் சொன்னால் விற்பவர் மறுகேள்வி கேட்காமல் எடுத்துப் போடுவார். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு பொருளைக் காட்டி ஒரு நிறத்தைச் சொல்கிறது. ஆனால் 'மாம்பழ மஞ்சள்' என்ற தொடருக்குள் எந்த மாம்பழம் என்ற குறிப்பு இல்லை. பழுத்த பழத்தின் தோலா, உள்ளே இருக்கும் சதையா என்பதும் இல்லை. அது நமக்கு முன்பே தெரியும் என்பதால் சொல் அதைச் சொல்வதில்லை. மாம்பழமே பார்த்திராத ஒருவருக்கு அகராதியில் 'மா', 'பழம்', 'மஞ்சள்' என்ற மூன்றையும் தேடிக் கொடுத்தாலும் அந்த நிறம் கிடைக்காது.

'அரக்கு' இன்னும் சுவையானது. உருக்கிய அரக்கைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று குறைவு. ஆனாலும் அரக்குப் புடவை எது என்பதில் யாருக்கும் ஐயம் வருவதில்லை. பொருள் வழக்கிலிருந்து நழுவிய பின்னும் அதன் நிறம் சொல்லில் தங்கிவிட்டது. நம்முடைய பின்னியச் சொல்லுக்கும் ஏறக்குறைய இதுவே நேர்ந்தது.

இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரப்போகும் கலைச்சொற்கள் இரண்டு. 'கூட்டுச்சொல்' என்பது தனித்தனியே பொருள்தரும் சொற்கள் சேர்ந்து ஒரே சொல்லாக நிற்பது. 'சொற்பிறப்பு' என்பது ஒரு சொல் எங்கிருந்து, எப்போது, எந்த வழியில் வந்தது என்ற வரலாறு.

சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

'மா' என்பது நிலம் அல்லது நாடு. 'தியெ' என்பது வழி. 'வேரி' என்பது நிறம். இதன் முதல் உயிர் நாம் 'பேங்க்' என்று சொல்லும்போது வாயில் வரும் ஒலிதான். அதற்குத் தமிழில் தனி எழுத்து இல்லாததால் இங்கே ஏகாரமாக எழுதுகிறேன். 'வேரி'யோடு 'னென்' என்ற விகுதி சேர்ந்தால் 'நிறமுடைய' என்று பொருள்படும் 'வேரினென்' கிடைக்கும். பன்மையில் இந்த விகுதி உருமாறி 'வேரிசெத்' என்றாகும்; மரம் என்பது வேற்றுமை ஏற்கும்போது 'மரத்தை' என்று மாறுவதைப் போன்ற ஒரு பழக்கம்தான் இது.

இடையில் இருமுறை வரும் 'ன்' என்ற ஒலிதான் இந்தச் சொல்லைக் கட்டும் கயிறு. அது நம் ஆறாம் வேற்றுமைக்கு நிகரான உடைமை உருபு. 'மா' உடன் 'ன்' சேர்ந்து 'மான்', அதாவது நிலத்தின். அதனுடன் 'தியெ' சேர்ந்து 'மான்தியெ'. அந்த முழுச் சொல்லின் மேல் இன்னொரு 'ன்' சேர்ந்து 'மான்தியென்', அதாவது நெடுஞ்சாலையின், அதனுடன் 'வேரினென்'. ஆக, கட்டு இரண்டு அடுக்காக விழுகிறது: முதலில் நிலமும் வழியும் சேர்ந்து சாலையாகின்றன, பிறகே அந்தச் சாலை நிறத்தோடு சேர்கிறது. 'நிலத்தின் நிறம், வழியின் நிறம்' என்று மூன்றையும் வரிசையாக ஒட்டவைத்துப் படித்தால் கட்டு குலைந்துவிடும்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு வேறுபாடு கண்ணில் படும். 'மயில்கழுத்து' என்னும்போது 'இன்' அல்லது 'அது' என்ற உருபு மறைந்து நிற்கிறது; அதனால்தான் அதைத் தொகை என்கிறோம். பின்னியமோ உருபை மறைக்காமலே கூட்டுகிறது. அப்படியானால் அது வெறும் தொடர்தானே, எப்படி ஒரே சொல்லாகும் என்று கேட்கலாம். பேசுகிறவரின் நாக்கே விடை தருகிறது. பின்னியத்தில் எந்தச் சொல்லுக்கும் முதல் அசையில்தான் அழுத்தம். தனித்தனிச் சொற்களாக இருந்தால் ஒவ்வொன்றும் சம அழுத்தம் பெறும். கூட்டுச்சொல்லிலோ முதல் உறுப்பு முழு அழுத்தத்தையும் பின் உறுப்புகள் தணிந்த அழுத்தத்தையும் பெறுகின்றன. தவிரவும், 'நீண்ட', 'பழைய' என்பன போன்ற எந்த அடைமொழியையும் நடுவில் நுழைக்க முடியாது.

இன்னொரு தடயமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பின்னியத்தின் உயிரொலிகள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்திருக்கின்றன. நாவின் பின்பகுதி எழுந்து ஒலிக்கும் அகரம், ஒகரம், உகரம் ஒரு கட்சி. முன்பகுதி எழுந்து ஒலிக்கும், 'பேங்க்' ஒலி போன்றவை மறு கட்சி. எகரமும் இகரமும் யாரோடும் சேரும். பழைய தனிச்சொல் ஒன்றுக்குள் இரு கட்சியும் ஒன்றாக உட்காருவதில்லை. இதற்கு 'உயிரொலி இயைபு' என்று பெயர். 'வீட்டில்' என்பதற்குத் 'தலோஸ்ஸா' என்றும் 'காட்டில்' என்பதற்கு 'மெத்ஸேஸ்ஸே' என்றும் ஒரே உருபு இரண்டு வடிவம் எடுப்பது இதனால்தான். மான்தியென்வேரினென் என்ற சொல்லிலோ 'மா'வின் ஆகாரமும் 'வேரி'யின் முன்னொலியும் ஒன்றாக வருகின்றன. ஆகவே அவற்றுக்கு நடுவே எங்கோ ஒரு சுவர் இருக்க வேண்டும். மொழி தெரியாதவர்கூட, ஒலிகளைப் பார்த்தே, இந்த நீளச் சொல்லில் குறைந்தது இரண்டு சொற்கள் குடியிருக்கின்றன என்று கண்டுகொள்ளலாம்.

இதுவரை: சொல் மூன்று உறுப்புகளால் ஆனது, அவை இரண்டு அடுக்காகக் கட்டப்பட்டுள்ளன, அழுத்தமும் உயிரொலி இயைபும் கட்டின் மூட்டுகளைக் காட்டிக்கொடுக்கின்றன.

உறுப்புகளுக்கு ஒரு வயது, கூட்டுக்கு வேறு வயது

'மா' மிகப் பழைய சொல். பின்னியமும் எஸ்தோனியமும் ஹங்கேரியமும் யூராலிக் என்ற மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தின் மூதாதைச் சொத்துகளில் இதுவும் ஒன்று. 'தியெ'யும் பழையதே. எஸ்தோனியத்தில் அது 'தே' என்று நீண்ட ஒற்றை உயிரோடு ஒலிக்கிறது. பின்னியத்தில் அந்த நெடில் பிளந்து 'இயெ' ஆகிவிட்டது. 'வேரி'யின் கதை வேறு. அது சுவீடிய மொழியின் 'ஃபேர்ய்' என்ற சொல்லிலிருந்து வந்த கடன். பழைய பின்னியத்தில் 'ஃப' ஒலி இல்லை. ஆங்கிலத்தின் அதே ஒலியை நாம் பகரமாக்கிக் காப்பி குடிப்பதைப் போல, அவர்கள் அதைச் சொல்முதலில் வகரமாக்கினார்கள். சொல்லின் நடுவில் வந்தால் 'ஹ்வ' ஆக்கினார்கள். அவர்களுடைய காப்பிக்குப் பெயர் 'கஹ்வி'.

இனி 'மான்தியெ'. 'மா' என்றால் மண் என்றும் பொருள் உண்டு என்பதால், இதை 'மண்சாலை' என்று விளங்கிக்கொள்ளும் ஆசை எழும். மண்சாலை பழுப்பாகத்தானே இருக்கும், முடி நிறத்துக்கும் பொருந்துகிறதே என்று மனம் நிறைவடைந்தும் விடும். விடை கிட்டத்தட்டச் சரி. வழி முழுக்கத் தவறு. ஒலியையும் தோற்றத்தையும் நம்பிக் கட்டும் இத்தகைய விளக்கத்துக்கு 'நாட்டார் சொற்பிறப்பு' என்று பெயர். அது பொருந்துவதுபோல் தெரிவதே அதன் ஆபத்து.

இங்கே 'மா' என்பதற்குப் பொருள் மண் அன்று, நாட்டுப்புறம். தமிழர்களுக்கு இதை விளக்குவது எளிது. 'நாடு' என்பது நமக்கும் தேசத்தையும் குறிக்கும், நகரத்துக்கு எதிரான பகுதியையும் குறிக்கும்; நாட்டுப்புறம், நாட்டுக்கோழி என்பவற்றில் இருப்பது இரண்டாவது பொருள். 'மான்தியெ'யை 'நாட்டுச்சாலை' என்று பெயர்த்தால் கச்சிதமாக அமரும்: நகரத் தெருவுக்கு மறுதலையாக, ஊர்களுக்கு நடுவே செல்லும் பொதுவழி. சுவீடியத்தின் 'லான்ட்ஸ்வேக்', ஜெர்மனியின் 'லான்ட்ஷ்ட்ராசே', எஸ்தோனியத்தின் 'மான்தே' எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. 1809 வரை பின்லாந்து பல நூற்றாண்டுகள் சுவீடிய அரசின் கீழ் இருந்தது. சாலை போடச் சொன்ன சட்டமும் சுவீடிய மொழியில்தான் இருந்தது. ஒலியைக் கடன் வாங்காமல், உறுப்புக்கு உறுப்பாகக் கட்டமைப்பை மட்டும் தன் சொற்களில் எடுத்துக்கொள்வதைப் 'பெயர்ப்புக் கடன்' என்பார்கள். தமிழில் 'தொலைக்காட்சி' அத்தகையது. 'மான்தியெ'யையும் அந்த வரிசையில் வைப்பதே இயல்பான விளக்கம்.

இப்போது ஓர் உண்மை தெளிவாகிறது. 'மா' பல ஆயிரம் ஆண்டு பழையது என்பதால் 'மான்தியென்வேரினென்' பழைய சொல்லாகிவிடாது. சொற்பிறப்பு அகராதிகள் பெரும்பாலும் வேர்ச்சொற்களுக்கு வரலாறு எழுதுகின்றன. கூட்டுச்சொற்கள் அவற்றில் தனித் தலைப்பாக வருவது அரிது. எனவே அகராதியைப் புரட்டி மூன்று வேர்களையும் கண்டுபிடித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறவர்கள், செங்கல்லின் வயதைப் பார்த்து வீட்டின் வயதைச் சொல்கிறார்கள். கூட்டுச்சொல்லின் பொருளை அது கூட்டப்பட்ட காலத்து உலகத்தில்தான் தேட வேண்டும். அந்த உலகத்தில் சாலை எப்படி இருந்தது?

எந்தச் சாலை?

சரளைச் சாலை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பின்லாந்தின் நாட்டுச்சாலைகளில் மிகப் பெரும்பாலானவை சரளை கொட்டிச் சமன்செய்தவை. 1921 வரை அவற்றைப் பராமரிப்பது அந்தந்தப் பகுதியில் நிலம் வைத்திருந்தவர்களின் கடமையாக இருந்தது. அந்த ஆண்டில்தான் அரசு பொறுப்பை ஏற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் தாரும், எண்ணெய் கலந்த சரளையும் பரவலாயின. இன்றும், அரசு பராமரிக்கும் ஏறத்தாழ 78,000 கிலோமீட்டர் சாலையில் மூன்றில் ஒரு பங்கு சரளையாகவே இருக்கிறது.

சரளை எங்கிருந்து வந்தது என்பதில்தான் நிறத்தின் காரணம் இருக்கிறது. கடைசிப் பனியுகத்தில் அந்த நிலம் முழுவதும் பனிப்பாளத்தின் கீழ்க் கிடந்தது. பாளம் உருகியபோது, அதன் அடியில் ஓடிய நீர் அரைபட்ட பாறைத்துகளை நீண்ட கரைகளாகக் குவித்துவிட்டுப் போயிற்று. 'ஹர்யு' எனப்படும் அந்த மேடுகள் நாட்டின் குறுக்கே பல கிலோமீட்டர் நீளத்துக்கு இன்றும் கிடக்கின்றன. மேட்டின் மேலேயே சாலை போகும். மேட்டின் பக்கத்தில் குழி தோண்டிச் சரளை எடுப்பார்கள். ஆகவே சாலையின் நிறம் என்பது அந்நாட்டுக் கருங்கல்லின் நிறம்தான்.

அந்தச் சரளையில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால், அதில் பழுப்பு என்று தனியாக எதுவும் இருக்காது. வெள்ளையாக மின்னும் குவார்ட்ஸ் மணிகள், இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், கறுத்த அப்பிரகத் தகடுகள், வெளிறிய மாவு போன்ற தூசி. கையைச் சற்றே நீட்டிப் பிடித்தால் இவை எல்லாம் கலந்து, பெயர் சொல்லத் தெரியாத ஒரு சாம்பல் மஞ்சளாகிவிடும். கோடையில் ஒரு வண்டி போனால் போதும், அந்த நிறம் எழுந்து ஓரத்துப் புதர் இலைகளின்மேல் படியும். தூசி அடங்குவதற்காகச் சாலையில் உப்பு தூவுவது அங்கே வழக்கம். மழை பெய்தால் நிறம் ஒரு படி கறுக்கும், காய்ந்தால் மறுபடி வெளிறும்.

மான்தியென்வேரினென் என்று சொல்லப்படும் தலைமுடியும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஓர் இழை மஞ்சள், அடுத்தது இளம்பழுப்பு, இன்னொன்று ஏறக்குறைய நிறமற்றது. தனித்தனியே பார்த்தால் எதுவும் மந்தமாக இல்லை, மொத்தமாகப் பார்த்தால் மட்டுமே மங்கல். நனைந்தால் கறுக்கும், உலர்ந்தால் வெளிறும். இந்த ஒப்புமையை முதலில் சொன்னவர் சாலையைச் சும்மா கைகாட்டிவிட்டுப் போகவில்லை என்றே நினைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், 'மான்தியெ' என்ற சொல் அதன்பின் வேறு பக்கம் வளர்ந்துவிட்டது. 2005-இல் இயற்றப்பட்ட சட்டத்தில் அது அரசு பராமரிக்கும் பொதுச்சாலைகளுக்கான சட்டப்பெயராயிற்று. ஹெல்சிங்கிக்கு வெளியே கறுத்துப் பளபளக்கும் அகன்ற சாலையும் சட்டத்தின் பார்வையில் மான்தியெதான். ஆனால் தலைமுடியைப் பற்றிப் பேசும்போது மட்டும் சாலை பழைய சரளையாகவே நிற்கிறது, அரக்குப் புடவையில் அரக்கு நிற்பதைப் போல.

சுருக்கமாக: 'சாலையின் நிறம்' என்பது சரளையின் சாம்பல் மஞ்சள், தார்க் கறுப்பு அன்று. சாலை மாறியது, கூட்டுச்சொல்லுக்குள் சிக்கிய சாலை மாறவில்லை.

ஆளித் தலையர்கள் வளரும்போது

இந்தச் சொல்லின் தொனியைப் புரிந்துகொள்ள இன்னொரு கூட்டுச்சொல்லையும் அருகில் வைக்க வேண்டும்: 'பெல்லவா-பே'. 'பெல்லவா' என்பது ஆளிச்செடி. அதன் தண்டை ஊறவைத்து, நொறுக்கி, சீப்பிட்டு எடுத்த நார்தான் லினன் துணியாகிறது. நூற்பதற்கு முன் அந்த நார்க்கற்றை வெளிர்மஞ்சளாக, பட்டுப்போன்ற மினுமினுப்போடு இருக்கும். 'பே' என்பது தலை. ஆளித்தலை என்றால் தலை அன்று, அப்படிப்பட்ட வெளிர் முடியுள்ள ஆள், பெரும்பாலும் குழந்தை. பள்ளிக்கூடத்தில் 'பூங்குழல் வந்தாள்' என்று படித்த அன்மொழித்தொகை அப்படியே இங்கே இருக்கிறது: பூவுமில்லை, குழலுமில்லை, அவற்றை உடையவளே பொருள்.

குழந்தைப் பருவத்து வெளிர்முடி வயது ஏற ஏறக் கறுப்பது வட ஐரோப்பாவில் மிகச் சாதாரணம். முடியில் நிறமி கூடிக்கொண்டே போவதே காரணம். நான்கு வயதில் ஆளித்தலையாகக் கொஞ்சப்பட்ட பிள்ளை இருபது வயதில் கண்ணாடியில் பார்க்கும்போது மான்தியென்வேரினென் ஆகியிருக்கும். ஒன்று மற்றவர்கள் செல்லமாகச் சொல்லும் சொல். மற்றொன்று பெரும்பாலும் தன்னைப் பற்றித் தானே உதட்டைச் சுழித்துக்கொண்டு சொல்லும் சொல். வசைச்சொல் என்று அதைக் கொள்ளக் கூடாது. ஆனால் பாராட்டும் அன்று. நம் 'செம்பட்டை'யில் இருக்கும் அந்த மெல்லிய குறைச்சல் இதிலும் உண்டு.

அண்டை மொழிகளும் இந்த நிறத்திடம் இரக்கம் காட்டவில்லை. ஆங்கிலம் சுண்டெலியைச் சொல்கிறது, சுவீடியம் எலியை. ஜெர்மன் 'ஷ்ட்ராசென்கோட்டர்-பிளோன்ட்' என்று தெருநாயின் பொன்னிறம் என்கிறது. டேனிய மொழியில் இரண்டு சொற்கள்: ஒன்றுக்கு 'ரொட்டியில் தடவும் ஈரல் விழுதின் நிறம்' என்று பொருள், மற்றொன்றுக்கு 'நகராட்சி நிறம்'. அலுவலகச் சுவரின் அலுப்பை முடிக்கு ஏற்றிய டேனியர்களோடு ஒப்பிட்டால், பின்னியர்கள் சாலையோடு நின்றது கண்ணியம்தான்.

சொல்லுக்குள் முடி எங்கே?

இவ்வளவு பேசியும் ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருப்போம். 'தலைமுடியைக் குறிக்கும் கூட்டுச்சொல்' என்கிறோம். ஆனால் இந்தச் சொல்லில் முடி என்ற உறுப்பே இல்லை. நிலம் இருக்கிறது, வழி இருக்கிறது, நிறம் இருக்கிறது, அவ்வளவுதான். பின்னியத்தில் முடிக்குச் சொற்பஞ்சமும் கிடையாது. தலையில் உள்ளது 'துக்கா' அல்லது 'ஹியுக்ஸெத்'. உடம்பிலும் விலங்கிலும் உள்ளது 'கர்வா'. குதிரை வாலில் உள்ளது 'யோஉஹி'. நம்முடைய குடுமிப்பிடிச் சண்டைக்கு நேரான சொல்லே 'துக்கா'வில் தொடங்குகிறது: 'துக்கா-நுவோத்தா', அதாவது முடியும் இழுவலையும், மீன் வலையை இழுப்பதுபோல் ஒருவர் முடியை ஒருவர் இழுப்பது.

இருந்தும் மான்தியென்வேரினென் முடியைக் குறிக்கிறது. காரணம் சேர்க்கைப் பழக்கம். சட்டையோ சுவரோ சரளை நிறத்தில் இருந்தால் அதற்குப் பின்னியர்களிடம் சாம்பல், மணல் நிறம் என்று வேறு சொற்கள் இருக்கின்றன. இந்தச் சொல்லோ தலைமுடியோடு மட்டுமே தொடர்ந்து வழங்கி வழங்கி, கேட்டவுடன் முடியையே நினைவூட்டும் அளவுக்கு அதனோடு ஒட்டிவிட்டது. செம்பட்டை என்ற சொல்லிலும் முடி இல்லை. ஆனாலும் 'செம்பட்டை' என்று மட்டும் சொன்னால் யாரும் பேச்சு சுவரைப் பற்றியது என்று எண்ணுவதில்லை.

'கர்வா'வுக்குப் பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில், எஸ்தோனியாவில், ஒரு விந்தை நேர்ந்திருக்கிறது. எஸ்தோனியத்திலும் அது முடியைக் குறிக்கும் சொல்தான். ஆனால் ஆடுமாடுகளை அவற்றின் ரோமத்தின் நிறத்தால் அடையாளம் சொன்ன பழக்கத்தில், அச்சொல் நிறத்தையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. பின்னியர் நிறத்துக்குச் சுவீடியரிடம் சொல் வாங்கிக்கொண்டு, முடியை வெளியே விட்டுவிட்டு முடிக்கு ஒரு சொல் கட்டினார்கள். எஸ்தோனியரிடமோ முடியே நிறமாயிற்று. ஒரு பொருளின் நிறம் என்ன என்று கேட்க அவர்கள் இன்றும் 'மிஸ் கர்வா?' என்கிறார்கள். அதை உறுப்புக்கு உறுப்பாகத் தமிழில் பெயர்த்துக் கடைக்காரரிடம் கேட்டால், புடவைக்குப் பதில் துக்கா-நுவோத்தாதான் கிடைக்கும்.